நுண்ணுயிர்க்கொல்லியும் அது விழும் இடமும்

பக்தாத் நகரில் மருத்துவமனை ஒன்று கட்டுவதற்கு இடம் தேர்ந்து தரும்படி ராஸீயிடம் கேட்கப்பட்டதாம். அவர் நகரின் ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இறைச்சித் துண்டைத் தொங்கவிடச் செய்து, எங்கே அது கெடுவதற்கு அதிக நேரம் பிடித்ததோ அங்கே கட்டுமாறு சொன்னாராம். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இச்செய்தியைத் தருகிறார். அளுதுத் தவ்லா நிறுவிய புகழ்பெற்ற மருத்துவமனையோடு இது இணைத்துப் பேசப்படுவதுண்டு. ஆனால் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது கி.பி. 981-82இல், ராஸீ மறைந்ததோ 925 அளவில். ராஸீ காலத்தால் முந்தியவர் என்பதை அந்நூலாசிரியரே சுட்டிக்காட்டியும் விடுகிறார். நிகழ்ச்சி எவ்வாறிருப்பினும் அதனுள் இருக்கும் சிந்தனை நம் கவனத்துக்குரியது. இறைச்சி ஒன்றே, இடம் மாறும்போது அழுகலின் வேகமும் மாறுகிறது. அழுகலைப் புரிந்துகொள்ள இறைச்சியை மட்டும் பார்த்தால் போதாது, இடத்தையும் பார்க்க வேண்டும்.

இச்சிந்தனையை நாம் நூலில் படித்தது முன்பு. அதன் பொருள் விளங்கியது மூன்றாண்டுகளுக்கு முன்னர், நம் தாயாரின் படுக்கையருகில். இடுப்பெலும்பு முறிந்து அறுவை நடந்த பின்னர் அவருக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தார்கள். கணியூருக்கு அழைத்து வந்த மூன்றாம் வாரத்தில் குளிரும் காய்ச்சலும் கண்டன. சிறுநீர்த் தொற்று எனக் கூறி மருந்து தரப்பட்டது. காய்ச்சல் தணிந்தது, நான்காம் நாள் மீண்டும் ஏறியது. உடுமலையில் அவரைப் பார்த்த இளம் மருத்துவர் மருந்தை மாற்றுவதற்கு முன் குழாயை எடுத்துவிடச் சொன்னார். "ஹஜ்ரத், மருந்து சரியாகவே இருக்கலாம். அது வேலை செய்ய முடியாத இடத்தில் கிருமி உட்கார்ந்திருக்கிறது" என்றார். குழாயின் உட்புறத்தில் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படிந்திருக்கும் என்றும், இரத்தத்தில் ஓடும் மருந்து அப்படலத்துக்குள் போதிய வலிமையோடு செல்வதில்லை என்றும் விளக்கினார். பிறகு அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நாம் தயங்கித்தான் விடை சொன்னோம். அதனை இக்கட்டுரையின் முடிவில் சொல்வோம்.

ஒரு நுண்ணுயிர்க்கொல்லி, அதாவது வழக்கில் நாம் ஆன்டிபயாட்டிக் என்று சொல்லும் மருந்து, பாக்டீரியாவை என்ன செய்யும் என்பது மருந்தை மட்டும் பொறுத்ததன்று. அது விழும் இடத்தின் காற்று, புளிப்பு, வெப்பம், அங்குள்ள பிற உயிர்கள், ஏற்கனவே கலந்திருக்கும் உலோகங்கள் ஆகிய அனைத்தும் அதன் விளைவைத் தீர்மானிக்கின்றன. இவ்வுண்மை மருத்துவமனைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுபோலவே பொருந்துகிறது.

மண்ணின் உடைமை

நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை அல்ல. 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பென்சிலின் ஒரு பூஞ்சையின் விளைபொருள். 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. காசநோய்க்கு எதிராகப் பயன்பட்ட முதல் நுண்ணுயிர்க்கொல்லி அதுவே. கோடைமழையின் முதல் துளிகள் விழும்போது எழும் மண்வாசனைக்கும் இந்த இனத்து உயிர்களே பெரும் காரணம்.

மருந்து மண்ணில் இருந்ததென்றால் அதனைத் தாங்கும் ஆற்றலும் மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸே தன் நஞ்சால் தான் சாகாதிருக்க வேண்டுமல்லவா? கனடாவின் யூகோன் பகுதியில் முப்பதாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் பென்சிலின் வகைகளையும் டெட்ராசைக்ளினையும் வான்கோமைசினையும் எதிர்த்து நிற்க உதவும் மரபணுக்கள் இருப்பதை 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மனிதன் மாத்திரை செய்யக் கற்பதற்கு மிகப் பல நூற்றாண்டுகள் முன்பே எதிர்ப்பாற்றல் இருந்தது. ஆயினும் அது அங்கங்கே அடங்கிக் கிடந்தது. அடங்கிக் கிடந்ததை ஊரெங்கும் பரவச் செய்தது எது என்பதே இன்றைய கேள்வி.

ஒரே மருந்து, வேறு வேறு இடம்

ஆய்வுக்கூடத்தில் ஒரு மருந்தைச் சோதிப்பவர்கள் ஒரே வகைப் பாக்டீரியாவை நல்ல உணவு நிறைந்த ஊடகத்தில் வளர்க்கிறார்கள். உடல் வெப்பத்தை ஒத்த சூட்டில் வைக்கிறார்கள். எந்த அளவு மருந்தில் வளர்ச்சி நிற்கிறது என்று குறிக்கிறார்கள். இம்முறை இன்றியமையாதது. ஆனால் உடலும் குளமும் அந்தக் கண்ணாடிக் குப்பியைப் போன்றவை அல்ல.

ஜென்டாமைசின் வகை மருந்துகளை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் பெறும்போதுதான் இவை அதன் உள்ளே இழுத்துச் செல்லப்படுகின்றன. எனவே ஆக்சிஜன் இல்லாத சீழ்க்கட்டியின் நடுவே இவை வலுவிழக்கின்றன. புளிப்பு மிகுந்த சிறுநீரிலும் குன்றுகின்றன. மெட்ரோனிடசோலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் அது நஞ்சாக மாறிக் கிருமியைக் கொல்கிறது. பென்சிலினோ, பாக்டீரியா தன் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அக்கட்டுமானத்தைக் கெடுக்கும் மருந்து. வளராமல் உறங்கும் கிருமி சுவர் கட்டுவதில்லை. ஆகவே அது பென்சிலினால் சாவதுமில்லை. பென்சிலின் தாக்கிய பின்னரும் மிகச் சில கிருமிகள் பிழைத்திருப்பதையும், அவற்றின் சந்ததி மீண்டும் பென்சிலினுக்கு அடங்குவதையும் கண்ட டப்ளின் ஆய்வாளர் ஜோசப் பிகர், 1944இல் அவற்றை 'விடாப்பிடியானவை' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார். அவை எதிர்ப்பாற்றல் பெற்றவை அல்ல. மருந்து வந்த வேளையில் ஓய்ந்திருந்தவை, அவ்வளவே.

மருத்துவர் சொன்ன படலமும் இத்தகையதே. பள்ளிவாசல் ஹவுளைச் சில நாள் கழுவாமல் விட்டால் உட்சுவரில் விரலுக்கு வழுக்கும் ஒரு பூச்சு படிவதை அனைவரும் அறிவோம். அப்பூச்சு, தாம் சுரக்கும் பசைக்குள் தங்கி வாழும் நுண்ணுயிர்களின் குடியிருப்பு. வெளிவரிசையில் இருப்பவை உணவையும் ஆக்சிஜனையும் உண்டுவிடுகின்றன. உள்வரிசையில் இருப்பவை பட்டினியில் ஓய்ந்து கிடக்கின்றன. ஓய்ந்தவற்றை மருந்து எளிதில் கொல்வதில்லை. தனித்து மிதக்கும்போது ஓரளவு மருந்துக்கு மடியும் பாக்டீரியா, படலத்தினுள் இருக்கும்போது அதைப்போல் நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு மருந்தையும் தாங்குகிறது. மரபணுவில் எம்மாற்றமும் இன்றி, வீடு மாறியதாலேயே இந்த வேறுபாடு.

அண்டை வீட்டாரின் பங்கு

நுண்ணுயிர்கள் கூட்டமாக வாழ்பவை. எனவே மருந்தின் விளைவைத் தீர்மானிப்பதில் அண்டை வீட்டாருக்குப் பெரும் பங்குண்டு. அது மூன்று வகைப்படும்.

முதலாவது, பாதுகாப்பு. பென்சிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியா சில இருந்தால், அவை சுற்றுப்புறத்திலுள்ள மருந்தையே அழித்துவிடுகின்றன. எதிர்ப்பாற்றல் அறவே இல்லாத அண்டை இனங்களும் அந்த நிழலில் பிழைத்துக்கொள்கின்றன.

இரண்டாவது, சார்பு. ஓர் இனம் கழித்த பொருளே மற்றோர் இனத்துக்கு உணவாகும் கூட்டங்கள் உண்டு. அங்கே உணவு கொடுக்கும் இனம் மருந்துக்கு எளிதில் மடிவதாயின், அதனைச் சார்ந்திருக்கும் வலிய இனமும் வளர்ச்சி குன்றுகிறது. 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இத்தகைய கூட்டத்தின் தாங்குதிறனை அதிலுள்ள மிக மெலிந்த உறுப்பே வரையறுக்கிறது எனக் காட்டியது.

மூன்றாவது, நெருக்கடி. இடமும் உணவும் முன்பே பங்கிடப்பட்டுவிட்ட ஊரில் புதியவன் குடியேறுவது கடினம். நம் குடலில் வாழும் பல நூறு இனங்கள் நோய்க்கிருமிகளை இவ்வாறே ஒதுக்கி வைக்கின்றன. பரந்த வீச்சுடைய மருந்து ஒன்றை உட்கொள்ளும்போது இலக்கான கிருமியோடு இந்தக் குடிகளும் அழிகின்றன. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் போன்றவை பெருகிக் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்குவதை மருத்துவ உலகம் நன்கறியும். எதிர்ப்பாற்றல் பரவுவதற்கும் இந்நெருக்கடி ஒரு தடையாக நிற்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்ப்பாற்றல் பெற்ற ஈ.கோலை பாக்டீரியாவையும் பெறாத ஈ.கோலையையும் முதலில் தனியாகவும், பின்னர் பன்றிச் சாணத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்ச் சமூகத்தின் நடுவிலும் போட்டியிட விட்டனர். சமூகத்தின் நடுவே எதிர்ப்பாற்றல் பெற்றது முந்துவதற்குப் பத்து மடங்குக்கும் மேலான மருந்து தேவைப்பட்டது. ஏனெனில் எதிர்ப்பாற்றலைச் சுமப்பதற்கும் ஒரு செலவு உண்டு. நெருக்கடியில் அச்செலவு கனக்கிறது.

ஆகவே பலவகை உயிர்கள் செழித்த ஒரு குடலும் ஒரு குளமும் நமக்குக் காவல். அக்காவலைக் குலைப்பவர் தாம் அறியாமலேயே எதிர்ப்பாற்றலுக்குக் கதவு திறக்கிறார்.

சிற்றளவின் தீங்கு

மருந்து மிகுந்தால்தான் எதிர்ப்பாற்றல் வளரும் என்பது பொதுவான எண்ணம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதனைத் திருத்தினர். ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் அளவைவிடப் பல மடங்கு, சில மருந்துகளில் சில நூறு மடங்கு குறைந்த செறிவிலும், எதிர்ப்பாற்றல் பெற்றவையே மெல்ல மெல்லப் பெருகி மற்றவற்றை வென்றுவிடுகின்றன என அவர்கள் காட்டினர். அதாவது எந்தப் பாக்டீரியாவையும் கொல்லாத, கண்டறிவதற்கும் அரிதான மருந்துச் சுவடு, அடுத்த தலைமுறைக்கு யார் வாரிசு என்பதை முடிவு செய்கிறது. ஆறும் சாக்கடையும் பண்ணைக் கழிவும் இவ்விவாதத்துக்குள் வருவது இதனால்தான்.

ஆறுகள் சொல்லும் பாடம்

ஐதராபாத் அருகிலுள்ள பட்டன்செருவில், ஏறத்தாழ தொண்ணூறு மருந்து உற்பத்தி நிறுவனங்களின் கழிவுநீரைப் பெறும் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் வெளியேற்றத்தை ஜோகிம் லார்சன் தலைமையிலான சுவீடன் ஆய்வாளர்கள் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். அந்நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட இது மிகுதி. ஒரு நாளில் வெளியேறிய அம்மருந்து ஏறத்தாழ 44 கிலோ. சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாள்களில் பயன்படுத்தும் அளவுக்கு அது நிகர் என அவர்கள் கணக்கிட்டனர்.

மருந்து ஆலை இல்லாத ஊரில் கதை வேறு வடிவெடுக்கிறது. கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனம்களையும் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்னும் மரபணு பற்றி 2010இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமிகளில் அம்மரபணு காணப்பட்டது. மறு ஆண்டு வெளியான டெல்லி ஆய்வு, மருத்துவமனைகளை விட்டுத் தெருவுக்கு வந்தது. 50 குடிநீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவோரம் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51இலும் அம்மரபணு இருந்தது. அது பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையத்தில் அமர்ந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. அத்தாவல் 25 அல்லது 37 பாகை செல்சியசைவிட 30 பாகையில் அதிகமாக நடந்ததை ஆய்வாளர்கள் குறித்தனர். டெல்லியின் தேங்கிய நீருக்குப் பழகிய சூடு அது. நம் ஊர் வாய்க்காலுக்கும் அந்நியமானதன்று.

நம் மாவட்டத்தின் பெயர் கெட்டது நொய்யலால். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. விவசாயிகளின் நெடிய வழக்குக்குப் பின்னர் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஆற்றில் விடாது முழுவதும் மீட்டெடுக்கும் ஏற்பாடு செய்த ஆலைகளே பின்னர் இயங்கத் தொடங்கின. தண்ணீர் கெட்டதா என்பதற்கு ஃபிக்ஹு நூல்கள் நிறம், மணம், சுவை என மூன்று அளவுகோல்களைத் தருகின்றன. நொய்யலில் அம்மூன்றும் மாறின. எனவே அனைவரும் கண்டனர், வழக்கும் நடந்தது. மருந்துச் சுவடும் எதிர்ப்பு மரபணுவும் அம்மூன்றில் ஒன்றையும் மாற்றுவதில்லை. தெளிந்த நீரிலும் அவை இருக்கக்கூடும் என்பதை நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாயத் தொழிலோடு இப்பொருளுக்கு வேறொரு தொடர்பும் உண்டு. சில சாயங்களில் செம்பும் குரோமியமும் இடம்பெறுகின்றன. நாற்றம் பிடிக்காத பனியன், காலுறை என்று விற்பனையாகும் துணிகளுக்கு வெள்ளியோ டிரைக்ளோசானோ ஏற்றப்படுவதுண்டு. உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல வேளைகளில் ஒரே பிளாஸ்மிட்டில் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே மருந்தே கலக்காத நீரிலும், உலோகத்துக்காகப் பிழைத்த பாக்டீரியா மருந்தெதிர்ப்பையும் கூடவே சுமந்து பெருகுகிறது. மருந்துகளில் பல நாளடைவில் சிதைந்துவிடும், உலோகம் சிதைவதில்லை.

பண்ணையும் வாய்க்காலும்

கணியூர் நொய்யல் கரையில் இல்லை. அமராவதியின் பழைய ராஜவாய்க்கால்களில் ஒன்று நம் ஊரின் பெயரையே கொண்டது. நெல்லும் தென்னையும் அந்நீரில் வளர்கின்றன. இளைஞர்கள் கம்பெனிப் பேருந்தில் திருப்பூருக்குச் செல்கிறார்கள். வடக்கே பல்லடம், தமிழகத்தின் கறிக்கோழித் தொழிலுக்கே தலைமையிடம். கோழி எரு இவ்வட்டாரத்துத் தோப்புகளுக்கு உரமாகிறது.

கோழிகள் விரைவில் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் சிற்றளவு நுண்ணுயிர்க்கொல்லி கலக்கும் வழக்கம் உலகெங்கும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரூன்றியது. உப்சாலா ஆய்வு சொன்ன அந்தச் சிற்றளவு இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இப்பயன்பாட்டை நிறுத்தியது. மனிதருக்கு வேறெதுவும் பயன்படாதபோது கொடுக்கும் கோலிஸ்டினுக்கு எதிரான, தாவிச் செல்லும் மரபணு ஒன்று 2015இல் சீனத்தில் கண்டறியப்பட்டது. 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் தருவதை இந்திய அரசு தடை செய்தது. தடை தீவனத்துக்குத்தான், எருவில் முன்பே சேர்ந்த மரபணுவுக்குத் தடையுத்தரவு எட்டாது. எருவை நன்கு மக்கவைத்த பின்னர் வயலுக்கு இடுவது இரண்டையும் ஓரளவு குறைக்கும். நம் பாட்டனார் காலத்து விவசாயி காரணம் தெரியாமலே செய்த வேலை அது.

சட்டமும் நமது அலமாரியும்

2012இல் சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி, தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூரின் ஒருங்கிணைப்பில் 'சென்னைப் பிரகடனம்' என்னும் செயல்திட்டத்தை வகுத்தன. ஒரே நாளில் முழுத் தடை என்னும் நடவாத கட்டளைக்குப் பதிலாக, நடக்கக்கூடிய படிகளை அது முன்வைத்தது. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில நுண்ணுயிர்க்கொல்லிகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பட்டையிலுள்ள சிவப்புக் கோட்டைக் கவனிக்கும்படி மக்களுக்குச் சொல்லும் இயக்கம் 2016இல் தொடங்கியது. மருந்து ஆலைக் கழிவில் நுண்ணுயிர்க்கொல்லி எச்சத்துக்கு வரம்பு விதிக்கும் வரைவு 2020இல் வெளியிடப்பட்டது. எனினும் 2021இல் வந்த இறுதி அறிவிக்கையில் அவ்வரம்பு இடம்பெறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்னும் கணக்கீட்டை எண்ணிப் பார்த்தால், விடுபட்ட அந்த வரம்பின் கனம் விளங்கும்.

இனி, உடுமலை மருத்துவர் கேட்ட கேள்வி. பரிசோதனை அறிக்கையில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேரே கிருமி அடங்காது என்ற குறி இருந்தது. "இந்த மாத்திரையை அம்மாவுக்கு இதற்கு முன் எத்தனை முறை கொடுத்தீர்கள், ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். நமது அலமாரியில் மீந்த மாத்திரைகளுக்கென ஒரு டப்பா இருந்தது. வயிறு இளகினால் இரண்டு, எரிச்சல் என்றால் இரண்டு எனத் தாயாருக்கு அதிலிருந்து கொடுத்திருக்கிறோம். கல்லூரி விடுதி மாணவர்களுக்கும் கொடுத்திருக்கிறோம். தானே அடங்கியிருக்கும் வயிற்றுப்போக்கு மாத்திரையால் அடங்கியதாக எண்ணி மகிழ்ந்தும் இருக்கிறோம். உதவி என்று கருதியே செய்தோம். ஒவ்வொரு முறையும் நோய்க்கிருமி இருந்ததோ இல்லையோ, குடலின் குடிகள் அனைவர்மீதும் அம்மருந்து விழுந்தது. சிறுநீர்த் தொற்றைத் தரும் கிருமி பெரும்பாலும் அக்குடலிலிருந்தே வருவது.

குழாயை எடுத்து, அறிக்கையைப் பார்த்து வேறு மருந்து கொடுத்தபின் தாயார் பத்து நாளில் எழுந்து அமர்ந்தார். அந்த டப்பா இப்போது நம் வீட்டில் இல்லை. மீந்துபோகும்படி வாங்குவதுமில்லை; மருத்துவர் எழுதிய அளவை எழுதிய நாள் வரை உட்கொள்கிறோம். எழுதாதபோது கேட்டு வாங்குவதில்லை. விடுதி மாணவருக்கு வயிறு இளகினால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, இரத்தமோ காய்ச்சலோ கண்டால் மருத்துவரிடம் அனுப்புகிறோம். ஹவுளை வாரந்தோறும் தேய்த்துக் கழுவும் முறை மாணவர்களிடையே பங்கிடப்பட்டிருக்கிறது. ஏன் தேய்க்க வேண்டும், தண்ணீரை மாற்றினால் போதாதா என்று ஒரு மாணவர் கேட்டார். உட்சுவரை விரலால் தொட்டுப் பார்க்கும்படி சொன்னோம்.